வலி இல்லை என்பது நல்ல செய்தி

நீங்கள் போட்டிருக்கும் செருப்பு உங்கள் காலுக்குச் சேரவில்லை, ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறைக்குள் நீங்கள் நடந்து வரும்போது பார்த்தேன். இடது குதிகால் வெளிப்பக்கமாகவே தேய்ந்திருக்கிறது. சாயங்காலமானால் முட்டி வலிக்குமே? பத்தொன்பது வருடமாகக் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம் மறந்துபோகும். கால் மறக்காது.

என் ஓரகத்தி மீது வந்திருக்கும் புகார் விஷயமாகத்தான் என்னையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். வீட்டில் மூத்த மருமகள் என்ற முறையில் அவளுக்காக நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்கிறேன். அவளிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் சங்கடம்.

எங்கள் கடையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கீழே பின்பக்கம் பட்டறை, முன்பக்கம் கடை, மேலே வீடு. சர்க்கரை நோய்க்காரர்கள், தட்டைப் பாதக்காரர்கள், விரல் கோணிப்போனவர்கள், இவர்களுக்கெல்லாம் அளவெடுத்துக் காலணி செய்கிறோம். என் வீட்டுக்காரர் அச்சு செதுக்குவார், தோல் வெட்டுவார். தையலும் ஒட்டும் வேலையும் கொழுந்தன் பொறுப்பு. நான் முன்மேசை. போனை எடுப்பது, நேரம் குறிப்பது, கம்ப்யூட்டர் எல்லாம் என்னுடையது. கடையை இணையத்தில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

லேண்டிங் பேஜ் என்பார்கள். விளம்பரத்தைத் தொட்டவர் நேராக வந்து இறங்குகிற பக்கம். அதற்கு ஒரே வேலைதான். ஒரு தலைப்பு, ஒரு படம், நாலு வரி, ஒரு பட்டன். ‘அளவெடுக்க நேரம் கேளுங்கள்’ என்று எங்கள் பட்டனில் போட்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வேறு எங்கும் போக வழி வைக்கக்கூடாது. வந்தவர் பட்டனை அழுத்த வேண்டும், இல்லையென்றால் மூடிவிட்டுப் போக வேண்டும். பட்டனின் நிறத்தை மட்டும் ஏழு தடவை மாற்றியிருக்கிறேன். ‘வலியில்லாமல் நடங்கள்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘காலையில் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா?’ என்று போட்ட வாரம், நூறு பேருக்கு இரண்டு பேர் அழுத்திக்கொண்டிருந்த பட்டனை ஐந்து பேர் அழுத்தினார்கள். அன்று என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, “கெட்டிக்காரிதான் நீ” என்றார். அது ஒரு வியாழக்கிழமை.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அவள் வந்தாள். ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் நர்ஸாக இருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள், உங்கள் நர்ஸ் கவுன்சிலில் இருக்கும் பெயர்ப் பதிவை விடவில்லை. அதனால்தான் இந்தப் புகார் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

பிளாக், அதாவது இணையத்தில் வாராவாரம் ஒரு பதிவு எழுதிப் போடுகிற இடம், தொடங்கலாம் என்பது என் யோசனை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற அந்த அம்மாவை இதை அழுத்தி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கம் என்பது முடிவெடுத்துவிட்டவர்களுக்கு. இன்னும் முடிவெடுக்காதவர்கள் அதைப்போல நூறு மடங்கு இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலணி வேண்டாம். கால் ஏன் எரிகிறது, நகம் ஏன் உள்ளே போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு பிளாக். பதிவைப் படித்து நம்பிக்கை வந்தால், கடைசி வரியில் இருக்கும் இணைப்பைத் தொட்டு என் பக்கத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதற்கென்றே தனிப் பக்கம் வேண்டும். குதிகால் வலியைப் படித்துவிட்டு வருகிறவரை விரல் கோணலைப் பற்றிய பக்கத்தில் இறக்கிவிட்டால் வந்த வழியே போய்விடுவார். இதெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்தது. எழுதத்தான் ஆள் வேண்டியிருந்தது. நானே நாலு பதிவு எழுதிப் பார்த்தேன். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அதுபோல இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். “எனக்கு எழுத எங்க வரும், அக்கா? கட்டுப் போடத்தான் தெரியும்” என்றாள்.

“கட்டுப் போட்டதையே எழுது” என்றேன்.

முதல் பதிவு, நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்யும் முடிதிருத்துகிற பெண் ஒருத்தியைப் பற்றியது. ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து நிற்பாளாம். ‘ஒரு கால் இன்னொரு காலைத் தடவிக்கொடுப்பதுபோல’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுக் குனிந்து என் காலைப் பார்த்தேன். பார்க்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நாலு மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்கானார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அப்படி நடக்கும், ஐயா. பதிவு இல்லாமல் பக்கம் இருந்தால் முன்பின் தெரியாதவன் கையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். பக்கம் இல்லாமல் பதிவு இருந்தால் ஊரெல்லாம் படித்துவிட்டு ஒரு பெருமூச்சோடு போய்விடும். பாதி வேலை அவளுடையது, பாதி என்னுடையது. ஆனால் கடைக்குள் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் தெரியுமா? முன்மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “எழுதுறவங்க இருக்காங்களா?” என்பார்கள். பட்டனை வைத்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல.

திங்கட்கிழமை பதிவு வெளிவரும். பசை காய்கிற இடைவெளியில் என் வீட்டுக்காரர் அதைப் பட்டறையில் உரக்கப் படிப்பார். கொழுந்தன் கேட்பான், வேலையாட்கள் இருவரும் கேட்பார்கள். ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். பதினெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எந்த வரி என்று பிறகு போய்ப் பார்த்தேன். தாய்மாமன் செருப்பைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போன ஒருவரைப் பற்றிய வரி. மூன்று தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நான் செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பிளாக் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், விளம்பரத்தின் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற கருவி என் கையில் இருந்தது. பிளாக்கிலிருந்து வருகிறவர்களும் நேராகப் பக்கத்துக்கு வந்தவர்களாகவே பதிவாகும்படி இணைப்புகளை மாற்றினேன். மாதக் கடைசியில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசுவோம். “உன் பதிவை நிறையப் பேர் படிக்கிறாங்க, ஆனா கடைக்கு வர்றது என்னவோ பக்கம் வழியாத்தான்” என்று காகிதத்தைக் காட்டினேன்.

அவள் அந்தக் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “அப்படியாக்கா? அப்ப என் எழுத்துலதான் ஏதோ குறை. நான் இன்னும் உழைக்கணும்” என்றாள். முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. அடுத்த மாதம் இன்னும் நன்றாக எழுதினாள். ஒருவர் நம்மை இந்த அளவுக்கு நம்பினால் நமக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை.

இரண்டாவது விஷயம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் அவள் ஒரு வரி போடுவாள்: ‘கொப்பளமோ, நிறமாற்றமோ, காய்ச்சலோ இருந்தால் எங்களிடம் வராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.’ அந்த வரியை எடுத்துவிட்டேன். இதை நான் தொழில் முறையில்தான் செய்தேன். இணைப்புக்குப் பக்கத்திலேயே ‘வராதீர்கள்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் யார் தொடுவார்கள்? எடுத்த பிறகு எண்ணிக்கை கூடியது. அவள் கவனித்துக் கேட்டபோது, “புது வடிவத்துல இடம் பத்தல, அப்புறம் போட்டுக்கலாம்” என்றேன். சரி என்றுவிட்டாள்.

இப்போது தபால்காரர்.

ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் தெருத் தெருவாக நடந்தவர். சர்க்கரை உண்டு. அவளுடைய பதிவுகளில் ஒன்றுகூட விடமாட்டார்; படித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுவார், எப்போதும் ‘மகளே’ என்றுதான் தொடங்குவார். காலணிக்கு அளவு கொடுக்க வந்தபோது அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தது நான், நாற்காலி போட்டது நான், தண்ணீர் கொடுத்தது நான். காலணி வாங்க வந்த அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு மை பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். “எழுதுற பொண்ணுகிட்ட கொடுத்துடுங்கம்மா. நான் வேலையில இருந்தப்ப வாங்கினது. நல்லா எழுதும்” என்றார். நாலு நாள் அதை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். கொடுத்துவிட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஓரகத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் அவள் அங்கேயே இருந்தாள். பிளாக்கில் ‘கேள்வி கேளுங்கள்’ என்று ஒரு பெட்டி உண்டு. வருகிற கேள்விகளுக்கு அவள் தன் பெயரில் தனித்தனியாகப் பதில் எழுதுவாள். “அக்கா, அவசரமா ஏதாவது வந்தா எனக்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது.

அவள் போன அன்றே, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தபால்காரரின் கேள்வி வந்தது. மனப்பாடமாகவே சொல்கிறேன். ‘மகளே, புதுக் காலணி போட்டதிலிருந்து பெருவிரல் பக்கத்தில் ஒரு கொப்பளம். நேற்றிலிருந்து அந்த இடம் கறுத்திருக்கிறது. ஆனால் வலி கொஞ்சமும் இல்லை. கழற்றி வைக்கட்டுமா, போட்டுக்கொண்டே இருக்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.’

அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவளுடைய பதிவுகளை என்னைவிட அதிகமாகப் படித்தவர் யாரும் இல்லை. சர்க்கரை நோய்க்காரருக்குக் கால் கறுத்து, வலி இல்லை என்றால், அதைவிட மோசமான அறிகுறி கிடையாது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பற்றியே அவள் ஒரு முழுப் பதிவு எழுதியிருந்தாள். தபால்காரர் அதையும் படித்தவர்தான். ஆனால் கால் தன்னுடையது என்று வரும்போது மனிதன் படித்ததை விட்டுவிட்டு, நம்புகிற ஆளிடம் போய் நிற்பான்.

போனைக் கையில் எடுத்தேன். அவள் எண்ணையும் எடுத்துவிட்டேன். ‘நீ சொல்கிறபடி செய்கிறேன்’ என்ற வரியை மறுபடியும் பார்த்தேன். போனை வைத்தேன்.

எனக்கு அவர் மீது ஒரு விரோதமும் இல்லை. அவள் ஒரே ஒரு தடவை தப்புச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவள் சொல்வதும் தப்பாக இருக்கும் என்று ஊர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு எல்லாம் அதனதன் அளவுக்கு வந்துவிடும்.

பதில் எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலில் எழுதியது என்னுடையது போலவே இருந்தது, அழித்தேன். இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது எழுதும்போது அவள் குரல் தானாகவே வந்தது. ‘ஐயா, புதுக் காலணி புது மருமகள் மாதிரி. வீட்டோடு பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். முதலில் கொஞ்சம் உரசத்தான் செய்யும். நிறம் மாறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி. கழற்றாமல் போட்டுக்கொண்டே நடங்கள். நாற்பது வருடம் நடந்த கால், இதையும் நடந்து கடந்துவிடும்.’ அடியில், பழக்கம் மாறாமல், பக்கத்துக்கு இணைப்பும் வைத்தேன்.

அன்று பகல் முழுவதும் எனக்கு மனசு நிறைவாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

அரை மணியில் அவர் பதில் போட்டார். ‘நன்றி மகளே. மனசு லேசாச்சு. நடக்கிறேன்.’

நடந்தார். பதினெட்டு நாள். பத்தாவது நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு திரும்பினாள். “ஏதாவது அவசரம் வந்துதாக்கா?” என்றாள். “ஒண்ணும் இல்ல, நீ முதல்ல தூங்கு” என்றேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். எட்டு நாள் மிச்சம் இருந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கிறீர்கள். நானும் பார்த்தேன்.

தபால்காரரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருடைய மகள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காகிதத்தை முன்மேசையில் வைத்து, “இதை எழுதினது யாருங்க?” என்றார். முதல் தடவையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மாடிப்படிப் பக்கம் திரும்பி ஓரகத்தியைக் கூப்பிட்டேன்.

அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டாள். “நான் இதை எழுதினதா எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“குழந்தைய வச்சுக்கிட்டுத் தூக்கமில்லாம இருந்தே. போன்ல பார்த்துட்டு ஏதோ அசதியில எழுதியிருப்பே. மனுஷிதானே” என்றேன்.

அவள் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். “ஆமா. இது நான் எழுதுற மாதிரிதான் இருக்கு” என்றாள். பிறகு அந்த மகளின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். நான் எதிர்பார்த்தது அதுதான். அவள் எழுதுவதை நிறுத்துவாள், பிளாக்கை மூடுவோம், என் பக்கம் மட்டும் முன்புபோல இருக்கும். ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பதிலை வரி விடாமல் பிளாக்கில் போட்டு, கீழே எழுதினாள். ‘இது என் பெயரில் போன பதில். என் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது காரணமாகாது. காய்ச்சலடித்த குழந்தைக்கு இரண்டு காலும் இருக்கிறது.’ இன்னும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். நான் எடுத்துவிட்ட அந்த எச்சரிக்கை வரியைத் தலைப்பாகப் போட்டிருந்தாள்.

இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். திட்டினவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. ‘தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு மனசு வேண்டும்’ என்றார்கள். பல பேர் தங்கள் அப்பா அம்மா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே டாக்டரிடம் அழைத்துப் போனதாக எழுதினார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பட்டறையில் உரக்கப் படிக்க ஆரம்பித்து, முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். என் பக்கத்தில் அந்த மாதம் நூற்றுக்குப் பதினொரு பேர் பட்டனை அழுத்தினார்கள். அப்படி ஒரு எண்ணிக்கையை நான் கனவில்கூடப் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் தபால்காரரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதினார். ‘மகளே, நாற்பது வருட வேலையில் நானும் எத்தனையோ கடிதத்தைத் தப்பான வீட்டில் போட்டிருக்கிறேன். அழாதே. எழுதுவதை விடாதே.’ அவருடைய மகள் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஓரகத்திதான் வேண்டாம் என்றாள். விசாரணை நடக்கட்டும், தண்டனை என்னவோ அதை ஏற்கிறேன் என்று உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தக் காகிதம் உங்கள் கைக்கடியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உத்தரவு போட்டுவிடுவீர்கள் என்றும், இவ்வளவு நேர்மையான நர்ஸை நீங்கள் பார்த்ததில்லை என்று யாரிடமோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

அதனால்தான் நானாகவே பேசிவிடுகிறேன். அந்தப் பதில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போயிற்று என்பதற்கான விவரம் இந்த உறையில் இருக்கிறது. அன்று காலை பத்திலிருந்து பதினொன்று வரை அவள் குழந்தையோடு ஸ்கேன் அறையில் இருந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. நான் அழித்த முதல் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. அழித்தேன் என்றாலும் ஒரு பிரதி வைத்திருந்தேன். மூன்றையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெருகேறியிருக்கிறது என்று தெரியும்.

கறுத்துப்போன கால் என்று தெரிந்தே, போனால் ஒரு விரல் போகட்டும் என்று நினைத்தே, அவரை நடக்கச் சொன்னது நான்தான். அவள் அல்ல. இதில் அவளுக்கு ஒரு எழுத்துகூடப் பங்கில்லை.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று அந்த அம்மா எழுதிக்கொள்வது தெரிகிறது. எழுதட்டும். பொறாமை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அவள் மீது எனக்குப் பொறாமை இருந்தால் இன்று அவளைக் காப்பாற்ற வந்திருப்பேனா? எனக்கு வேண்டியது நியாயம் ஒன்றுதான். என் வாழ்நாளில் நான் எழுதியதில், ஒருவர் ஒரு வார்த்தை விடாமல் நம்பிப் படித்தது அது ஒன்றுதான். அதற்கும் அவள் பெயரா, ஐயா?